ஈரநிலத்தில் இரவு தங்கல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஈரநிலப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கினோம். மழை ஒரு சொட்டுகூட இல்லை. ஆனாலும் விடியும்போது கூடாரத்தின் உட்புறமெல்லாம் நீர்த்துளி. ஸ்லீப்பிங் பேக் நனைந்துவிட்டது. கூடாரம் ஒழுகுகிறதா?

பதில்: கூடாரத்தின் மேல் பழி போடாதீர்கள். அது உங்கள் மூச்சிலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் வந்த ஆவி. பின்னிரவில் துணி குளிர்ந்ததும் அதில் படிந்து துளியாகிவிட்டது. குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்புகளையும் மூடுவதுதான் பலரும் செய்யும் தவறு. எதிரெதிராக இரண்டு திறப்புகளைத் திறந்துவைத்து, கொசுவலையை மட்டும் மூடுங்கள். நைலான் மேல்விரிப்பு ஈரம் பட்டால் தொய்ந்து உள்கூடாரத்தைத் தொடும். அதனால் படுக்கப்போகும் முன் கயிறுகளை இன்னொரு முறை இறுக்குங்கள். நனைந்த துணியை உள்ளே காயப்போட வேண்டாம்.

அடியில் விரிக்கும் தார்ப்பாயையும் பாருங்கள். அது கூடாரத்தின் தரையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சிறிதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வழியும் நீரை ஏந்தி உங்கள் முதுகுக்கடியில் தேக்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடம். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும். பனியும் அங்கேதான் அதிகம் இறங்கும். கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, சற்றே மேடான இடமாகப் பாருங்கள். நாணல் தண்டுகளில் ஒரே மட்டத்தில் சருகும் காய்ந்த பாசியும் ஒட்டியிருந்தால், தண்ணீர் அதுவரை ஏறி இறங்கியிருக்கிறது என்று பொருள். பூங்காவில் மரமேடை இருந்தால் அதுவே மேல். ஆனால் அங்கே முளை அடிக்க முடியாது. முளை இல்லாமலே நிற்கும் கூடாரமும் கூடுதல் கயிறும் தேவை.

கேள்வி: சேற்று மண்ணில் முளை நிற்பதே இல்லை. லேசான காற்றுக்கே பிடுங்கிக்கொள்கிறது.

பதில்: கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை இறுகிய மண்ணுக்கானது. சேற்றுக்கு 30 செ.மீ. நீளமும் அகலமான பட்டையும் உள்ள முளை வாங்குங்கள். அதன் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அதுவும் நிற்காத இடத்தில், கட்டையில் கயிற்றைக் கட்டிக் குறுக்காகப் புதைப்பது பழைய உத்தி. ஆனால் பாதுகாக்கப்பட்ட ஈரநிலத்தில் தோண்டக் கூடாது. தண்ணீர் நிரப்பிய 10 லிட்டர் பையை மூலைக்கு ஒன்றாகக் கட்டுங்கள். தண்ணீருக்கா அங்கே பஞ்சம்!

கேள்வி: ஈரநிலத் தண்ணீரை ஊற்றியதில் வடிகட்டி சில லிட்டரிலேயே அடைத்துக்கொண்டது. அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து மட்டும் குடிக்கலாமா?

பதில்: கலங்கல் நீரை நேராக வடிகட்டியில் ஊற்றினால் அடைக்கத்தான் செய்யும். பாத்திரத்தில் சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரைத் துணியில் வடித்து, பிறகு வடிகட்டியில் விடுங்கள். 0.2 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி பாக்டீரியாவையும், வயிற்றுப்போக்கு தரும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியையும் தடுக்கும், வைரஸ் நுழைந்துவிடும். ஆகவே கொதிக்கவும் வையுங்கள். தளதளவென 1 நிமிடம் போதும். 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம். மக்கிய இலைகளால் வரும் தேநீர் நிறம் போகாது, அதனால் கெடுதலும் இல்லை. ஆனால் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் ஏடு மிதந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நச்சு கொதிக்கவைத்தாலும் அழியாது.

கேள்வி: சன்ஸ்கிரீன் முதலிலா, கொசு விரட்டி முதலிலா?

பதில்: சன்ஸ்கிரீன் முதலில், அது காய்ந்தபின் விரட்டி. டீட் (DEET) என்ற விரட்டி மருந்து 20 முதல் 30 சதவீதம் உள்ளது போதும். அது பிளாஸ்டிக்கைக் கரைக்கும் என்பதால், தடவிய கையோடு பைனாகுலரைத் தொடாதீர்கள். துணிக்குத் தெளிக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் நஞ்சு. வீட்டிலேயே தெளித்து நன்றாகக் காயவைத்து அணியுங்கள்.

கேள்வி: சிறிதாக விறகு மூட்டிக் குளிர் காயலாமா?

பதில்: வேண்டாம். மக்கிய செடிகொடிகள் படிந்த கரிமண் மேலே ஈரமாகத் தெரிந்தாலும், வறண்ட காலத்தில் தீப்பிடித்தால் புகைகூடத் தெரியாமல் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனலும். தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டோம் என்று கிளம்பிய பிறகு வேறிடத்தில் தலைகாட்டும். மேடையில் வைத்த எரிவாயு அடுப்பில் சமையலை முடித்துக்கொள்ளுங்கள். குளிருக்குக் கூடுதல் உடுப்பு கொண்டுபோங்கள்.