முயலுக்குப் புண்ணாக்கு போடலாமா?

மாட்டுக்கு வாங்கி வைத்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் கடலைப் புண்ணாக்கும் இருக்கின்றன, அவற்றையே முயலுக்கும் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடலைப் புண்ணாக்கு புதிதாக இருந்தால் தாராளமாகப் போடலாம். பருத்திக்கொட்டை மட்டும் வேண்டாம்.

பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற நச்சு இருக்கிறது. மாட்டின் முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும். முயலுக்கும் தீவனம் நொதிக்க ஒரு பை உண்டு, ஆனால் அது சிறுகுடலைத் தாண்டித்தான் இருக்கிறது. அங்கே போவதற்குள் நச்சு உடம்பில் ஏறிவிடும். முக்கியமாக ஆண் முயலின் இனவிருத்தித் திறனைக் கெடுக்கும். மாடு நன்றாகத் தின்கிறதே என்பதை முயலுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடலைப் புண்ணாக்கில் புரதம் சுமார் 45 சதவீதம். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் வரை புரதம் தேவை. அதனால் கொஞ்சம் சேர்த்தாலே போதும். நான் 100 கிலோ அடர்தீவனத்துக்கு மக்காச்சோளம் 30, கோதுமைத் தவிடு 40, கடலைப் புண்ணாக்கு 15, எள்ளுப் புண்ணாக்கு 5, அரிசித் தவிடு 8 கிலோ போடுகிறேன். மீதி 2 கிலோவில் தாது உப்புக் கலவை ஒன்றரை, சாதா உப்பு அரை. எள் எதற்கு என்றால், கடலையில் குறைவாக உள்ள மெத்தியோனின் என்ற புரதக் கூறு எள்ளில் நிறைய இருக்கிறது. இந்தக் கலவையில் நார் போதாது. வேலிமசால், முயல் மசால், அகத்தி என்று பசுந்தீவனமும் காய்ந்த புல்லும் எப்போதும் முன்னால் கிடக்க வேண்டும். வளர்ந்த முயலுக்கு அடர்தீவனம் நாளைக்கு 100 முதல் 150 கிராம் போதும்.

நான் பயப்படுவது பூசணத்துக்குத்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைத் தேடிப்போய்த்தான் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சைக் கண்டுபிடித்தார்கள். இந்த நச்சை மிகக் குறைவாகவே தாங்கும் விலங்குகளில் முயலும் ஒன்று. ஈரலைத் தாக்கிக் கொன்றுவிடும். பூசணத்தைச் சுரண்டிவிட்டாலோ வெயிலில் காயவைத்தாலோ நச்சு முழுதாகப் போகாது. வேகவைத்தாலும் அப்படித்தான். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். சிக்கு வாடை வந்தாலோ உடைத்துப் பார்த்தால் உள்ளே பச்சை, கறுப்புப் புள்ளி தெரிந்தாலோ எருக்குழிக்கு அனுப்பிவிடுங்கள், வேறு கால்நடைக்கும் கொடுக்காதீர்கள்.

மாட்டுக்குப்போல ஊறவைத்தும் கொடுக்காதீர்கள். தூளாக்கிக் கலந்து, தூசி பறக்காத அளவுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும். மீந்ததை அன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறீர்கள் என்றால் ஒரு வாரம், பத்து நாளில் மெல்ல ஏற்றுங்கள். முயல் இரவில் விடும் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்றுவிடும். அது தின்னப்படாமல் கம்பிவலையில் ஒட்டிக் கிடந்து, கூண்டில் மூத்திர நெடியும் கூடினால் புரதம் அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். புண்ணாக்கைக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டுங்கள். கழிச்சல் கண்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு உரம் மட்டுமே. தீவனம் வைத்திருக்கும் அறைக்குள்கூட அந்த மூட்டையைக் கொண்டுவர வேண்டாம்.