வாசகர் கேள்வி: ‘இல் கட்டோபார்டோ’வை ஏன் எதிர்த்தார்கள்?

கேள்வி: சிசிலியின் பிரபு குடும்பம் ஒன்றின் வீழ்ச்சியைச் சொல்லும் லாம்பெதூசாவின் ‘இல் கட்டோபார்டோ’ இன்று செவ்வியல் நாவலாகப் போற்றப்படுகிறது. வெளிவந்த காலத்தில் அதற்கு அத்தனை எதிர்ப்பு எழுந்தது ஏன்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எதிர்ப்பு நூல் அச்சேறும் முன்பே தொடங்கிவிட்டது. பலெர்மோவின் பிரபு குடும்பத்தில் பிறந்த லாம்பெதூசாவின் கையெழுத்துப் பிரதியை, இடதுசாரி எழுத்தாளரான எலியோ விட்டோரினி மொண்டதோரி, எய்னாவுடி ஆகிய இரண்டு பதிப்பகங்களிலும் நிராகரித்தார். 1957 ஜூலையில் லாம்பெதூசா காலமானார். எழுத்தாளர் ஜார்ஜியோ பஸ்ஸானியின் முயற்சியால் 1958இல் பெல்ட்ரினெல்லி பதிப்பகம் அதை வெளியிட்டது; அடுத்த ஆண்டே இத்தாலியின் இலக்கிய விருதான ஸ்ட்ரேகா விருதும் கிடைத்தது.

1860இல், இத்தாலியை ஒரே நாடாக இணைக்கப் போரிட்ட கரிபால்டியின் படை சிசிலியில் கரையிறங்கும் நாட்களில் கதை தொடங்குகிறது. இத்தாலிய ஒருங்கிணைப்பை மக்கள் எழுச்சியாகக் காட்டாமல், பழைய பிரபுக்களின் இடத்தில் செதாரா போன்ற புதுப்பணக்காரர்கள் வந்தமரும் மாற்றமாகவே நாவல் காட்டியதால், வரலாறு முன்னேறியே தீரும் என்று நம்பியவர்கள் அதைப் பிற்போக்கு நூல் என்றார்கள். ஆனால் கம்யூனிஸ்ட்டான பிரெஞ்சுக் கவிஞர் லூயி அரகோன் அதில் பிரபு வர்க்கத்தின் மீதான கடும் விமர்சனத்தையே கண்டு பாராட்டினார். திருச்சபையின் தரப்பிலோ, பலெர்மோவின் கார்டினல் ருஃப்பினி 1964இல் விடுத்த சுற்றுமடலில், சிசிலிக்கு அவப்பெயர் தேடித் தந்தவற்றுள் மாஃபியாவோடு இந்த நாவலையும் சேர்த்துக் குறிப்பிட்டார். கொலைகாரக் கும்பலையும் ஒரு நாவலையும் ஒரே வரிசையில் நிறுத்தியது பெரும் அநீதி என்றே கருதுகிறேன்.

பிற்போக்கு என்ற குற்றச்சாட்டும், புதிய இத்தாலியோடு இணைவதா என்று மக்களிடம் கேட்கும் பொதுவாக்கெடுப்பைச் சொல்லும் நாவலின் பகுதி முன் நிற்காது. தொன்னாஃபுகாத்தா என்ற ஊரில் 515 வாக்காளர்களில் 512 பேர் வாக்களித்ததாகவும், 512 வாக்குகளும் ‘ஆம்’ என்றே விழுந்ததாகவும் மேயர் செதாரா அறிவிக்கிறார். பின்னர் வேட்டைக்குப் போன இடத்தில், எப்படி வாக்களித்தாய் என்று உடன் வந்தவரிடம் நாவலின் நாயகனான பிரபு சலீனா கேட்கிறார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் எளிய மனிதரான சீச்சோ தூமேயோ, தாம் ‘இல்லை’ என்றே வாக்களித்ததாகக் கொதித்துச் சொல்கிறார். தாம் படிப்பதற்குப் பணம் தந்த, அதுவரை சிசிலியை ஆண்ட பழைய அரச குடும்பத்துக்கு நன்றியோடு அவர் இட்ட வாக்கு எண்ணிக்கையில் காணாமற்போயிருக்கிறது. பிற்காலத்தில் தென் இத்தாலிய மக்களிடம் குறையாகச் சொல்லப்பட்ட சோர்வுக்கும் அடங்கிப்போகும் குணத்துக்கும், அவர்களுக்கு முதன்முதலாகக் கிடைத்த சுதந்திரக் குரலே இப்படிச் செல்லாததாக்கப்பட்டது ஒரு காரணம் என்று நாவல் வெளிப்படையாகவே சொல்கிறது. பிரபுக்களின் மாளிகைகளுக்காக மட்டும் இரங்கும் நூல், ஏழை ஒருவரின் வாக்குக்காக இவ்வளவு கோபப்பட்டிருக்காது.