மூன்றாம் பகுதி முடிந்ததும் கைதட்டலாமா?

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனி (பி மைனர், ஓபஸ் 74), அதாவது ஆர்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவுக்கான நான்கு பகுதிப் படைப்பு பற்றி வாசகர்கள் கேட்டவை.

கே: ஹெட்ஃபோனில் கேட்டேன். முதல் பகுதியின் நடுவில் சத்தமே அற்றுப்போகிறது. ஒலியைக் கூட்டினால் அடுத்த நொடி காது கிழிகிறது. பதிவில் கோளாறா?

ப: இல்லை, அவர் எழுதிய ஸ்கோரே (இசைக்குறிப்பே) அப்படித்தான். கிளாரினெட் என்ற ஊதுகருவி இறங்கிவரும் மெட்டின் கடைசி நான்கு சுரங்களை, தணிந்த குரலுள்ள இன்னொரு ஊதுகருவியான பஸூனிடம் கொடுத்து, ‘மெல்ல’ என்பதற்கான ‘பி’ (p) எழுத்தை ஆறு முறை போட்டிருக்கிறார். அடுத்த கணம் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இடியாக விழும். பஸூனின் கீழ்ச்சுரங்கள் அவ்வளவு மெலிதாகப் பேசாது என்பதால், பல கண்டக்டர்கள் (ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்கள்) அந்த நான்கையும் பாஸ் கிளாரினெட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது: முதலில் மூன்றாம் பகுதியின் உச்சத்தைப் போட்டு, காதுக்கு இதமாக ஒலியை வையுங்கள். பிறகு ஆரம்பத்துக்கு வந்து, எங்கேயும் கைவைக்காமல் கேளுங்கள். மெல்லிய ஒலியைக் கூட்டி, பெரிய ஒலியைக் குறைத்துச் சமன்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இந்த இடத்தையே கொன்றுவிடும்.

கே: இரண்டாம் பகுதி வால்ட்ஸ் (மூன்று எண்ணிக்கை நடன இசை) என்கிறார்கள். மூன்று மூன்றாக எண்ணினால் இடறுகிறதே?

ப: ஐந்தாக எண்ணுங்கள், இரண்டு + மூன்று. கண்ட சாப்பு தெரிந்தவர்களுக்கு ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

கே: மூன்றாம் பகுதி முடிந்ததும் அரங்கமே கைதட்டுகிறது. தவறா?

ப: அந்தக் காலத்தில் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது சகஜம். மூன்றாம் பகுதியும் சிம்பொனியே முடிந்துவிட்ட மாதிரி முழங்கி நிற்கும் அணிவகுப்பு, ஏமாறாதவர் குறைவு. ஆனால் உண்மையான முடிவு அடுத்துவரும் துயரப் பகுதி. கைதட்டலுக்கு இடம் கொடுக்காமல் நேராக அதற்குள் நுழையும் கண்டக்டர்களும் உண்டு, அதுவே சரி.

அந்த நான்காம் பகுதியின் முதல் மெட்டில் ஒரு விசித்திரம். நமக்குக் கேட்கும் மெட்டை யாருமே வாசிப்பதில்லை! ஒரு சுரம் இரண்டாம் வயலின் குழுவிடம், அடுத்தது முதல் குழுவிடம் என்று மாறிமாறி வருகிறது; கோர்த்துக்கொள்வது நம் காது. அன்று இரு குழுக்களும் மேடையின் இடம், வலம் என எதிரெதிரே உட்கார்ந்தன. இன்று பெரும்பாலும் இரண்டும் இடப்பக்கமே, அதனால் இந்த ஊசலாட்டம் மங்கிவிடுகிறது. எதிரெதிரே அமர்ந்து பதிவுசெய்ததைத் தேடிக் கேளுங்கள். மெட்டு மறுபடி வரும்போது முதல் வயலின்களே முழுதாக வாசிக்கும், அதையும் ஒப்பிடலாம். கடைசிப் பக்கங்களில் கோங் (பெரிய உலோகத் தட்டு) ஒரே ஒரு முறை ஒலிக்கும். அதை ஒட்டி பித்தளை ஊதுகருவிகளான டிராம்போன்களும் டியூபாவும் தணிந்த குரலில் வரும். பின்பு கனத்த குரலுள்ள தந்திக்கருவிகளான செல்லோவும் டபுள் பாஸும் தேய்ந்து அடங்கும்.

கே: தன் சாவுக்காகவே இதை எழுதினாரா? அரங்கேற்றத்துக்கு முன்பே இறந்ததாக ஒரு குறிப்பில் பார்த்தேன்.

ப: இரண்டு நாட்காட்டிகளைக் குழப்பியதன் விளைவு அது. ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 19-ஆம் நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியிருந்தது. புதிய கணக்கில் அரங்கேற்றம் 1893 அக்டோபர் 28, பீட்டர்ஸ்பர்கில், அவரே நடத்தினார். மரணம் நவம்பர் 6. பழைய கணக்கில் அக்டோபர் 16, அக்டோபர் 25. ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் எடுத்தால் செத்த பிறகு கச்சேரி நடத்தியதாகிவிடும்! முதல் பகுதியில் இறந்தோருக்கான ரஷ்யத் திருச்சபைப் பாடல் ஒன்று வருவது உண்மை. ஆனால் சிம்பொனி ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. அவர் நோய்க்குக் காலராதான் காரணம் என்று மருத்துவர்கள் சொன்னது அதற்கு இரண்டு மாதத்துக்கும் மேல் கழித்து.