வீட்டுக் கடன் கைக்கு வரும் வரை லோன் ஆபீசரிடம் எப்படிப் பேசுவது? கேள்வி பதில்

பொதுத்துறை வங்கி ஒன்றின் வீட்டுக் கடன் பிரிவில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களின் தவிப்பை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தினமும் பார்த்திருக்கிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேடம், ஃபைல் கொடுத்து 18 நாள் ஆகிறது. எப்போது கேட்டாலும் "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்கிறார். தினமும் போன் செய்தால் கோபித்துக்கொள்வாரா? (தாம்பரம், தனியார் நிறுவன ஊழியர்)

கோபித்தாலும் கோபிக்காவிட்டாலும் பதில் அதேதான் வரும். உங்கள் ஃபைல் இப்போது அவர் கையில் இருக்க வாய்ப்பு குறைவு. வங்கி நியமித்த பானல் வக்கீல் மூலப் பத்திரங்களையும் வில்லங்கத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். இன்ஜினீயர் இடத்தை அளந்து மதிப்புப் போட வேண்டும். உங்கள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் ஒருவர் வந்து விசாரித்துப் போவார். இந்த மூன்று அறிக்கையும் சேர்ந்த பிறகுதான் ஒப்புதல் தரும் மேசைக்கே ஃபைல் போகும். பல வங்கிகளில் அந்த மேசை வேறு கட்டிடத்தில், சில சமயம் வேறு ஊரில் இருக்கும். நீங்கள் போன் செய்யும் ஆபீசர் இவர்கள் எல்லோருக்கும் நடுவே ஃபைலை நகர்த்துகிறவர்.

அதனால் "என்ன ஆச்சு சார்?" என்று கேட்காதீர்கள். "லீகல் ரிப்போர்ட் வந்துவிட்டதா? வேல்யுவேஷன் முடிந்ததா? என்னிடமிருந்து ஏதாவது பாக்கி இருக்கிறதா?" என்று கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும். மாதக் கடைசி நாட்களில் வேண்டாம், அப்போது அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பேசி முடித்ததும் அன்றைக்கே மனு எண்ணைப் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இன்று பேசியபடி இரண்டு வருட ஃபாரம் 16 இணைத்திருக்கிறேன். வேறு எதுவும் பாக்கி இல்லை என்று சொன்னீர்கள், நன்றி." இவ்வளவு போதும். அப்படி வரும் மின்னஞ்சலை நான் அப்படியே மேல் மேசைக்கு அனுப்பிவிடுவேன். வாட்ஸ்அப்பில் எட்டுத் துண்டாக வரும் மங்கலான போட்டோக்களைச் சேர்த்து வைப்பதற்குள் ஒரு நாள் போய்விடும்.

அக்கா, நல்ல சம்பளத்தில் வேறு கம்பெனி கூப்பிடுகிறது. லோன் பாதியில் இருக்கிறது. சொல்லாமல் மாறிவிடலாமா? (சேலம்)

வேண்டாம்மா. பணம் விடுவிக்கும் முன் அலுவலகத்துக்கு மறுபடி போன் செய்து கேட்கும் வங்கிகள் உண்டு. "அவர் போன வாரமே ரிலீவ் ஆகிவிட்டார்" என்ற பதில் வந்தால், பத்திரப் பதிவு நாளன்று நீங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் செக் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். ராஜினாமா கொடுக்கும் முன்பே ஆபீசரிடம் சொல்லுங்கள். புது ஆஃபர் லெட்டரை வைத்தே பார்க்கலாம் என்பார், அல்லது முதல் மாதச் சம்பளச் சீட்டு வரட்டும் என்பார். எதுவானாலும் முன்கூட்டியே தெரிந்துவிடும். கடன் வந்து, பதிவும் முடிந்த பிறகு மாற முடியுமென்றால் அதுதான் நிம்மதி.

காத்திருக்கும் நேரத்தில் பைக் ஒன்றை இ.எம்.ஐ.யில் எடுத்துவிட்டேன். சின்னத் தொகைதானே? (திருப்பூர்)

உங்கள் சம்பளம் மொத்தம் எவ்வளவு இ.எம்.ஐ. தாங்கும் என்று பார்த்துத்தான் வங்கி கடன் தரும். பைக்குக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் ஒரு லட்சத்துக்கு இ.எம்.ஐ. சுமார் 868 ரூபாய். உங்கள் 5,000 ரூபாய் ஏறக்குறைய 5.75 லட்சம் வீட்டுக் கடனுக்கான இடத்தை எடுத்துக்கொள்கிறது. இன்றே ஆபீசரிடம் சொல்லுங்கள், உங்கள் கடன்களையெல்லாம் காட்டும் சிபில் அறிக்கையில் அவரே பார்க்கும் வரை விடாதீர்கள்.

62 லட்சத்துக்குப் பேசிய ஃபிளாட்டை இன்ஜினீயர் 55 லட்சம் என்று எழுதிவிட்டார். ஆபீசரிடம் கெஞ்சினால் மாற்றுவாரா? (மடிப்பாக்கம்)

கெஞ்சினால் மாறாது, தவறு இருந்தால் மாறும். யு.டி.எஸ். (மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) அளவு, கட்டிட வயது, பரப்பு இவற்றில் ஏதாவது பிசகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பத்திரத்தின் அந்தப் பக்கத்தைக் காட்டி, மறு மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

பிசகு இல்லையென்றால் கணக்கைப் பார்க்க வேண்டியதுதான். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. உங்களுக்கு 55 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது 44 லட்சம்தான் உச்சம். பேசிய 62 லட்சத்தில் மீதி 18 லட்சம் உங்கள் கையிலிருந்து போக வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம், 62 லட்சத்துக்கு 5.58 லட்சம். அதையும் இந்த மதிப்புக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இரண்டும் சேர்ந்து 23.58 லட்சம் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் ஆபீசரை விட்டுவிட்டு, அந்த மதிப்பீட்டைக் காட்டி விற்பவரிடம் விலை பேசுங்கள்.

வக்கீல் 1991-ல் இறந்தவருக்கு வாரிசுச் சான்று கேட்கிறார். விற்பவர் "இத்தனை வருஷம் யாரும் கேட்கலையே" என்று எரிந்து விழுகிறார். ஆபீசர் நினைத்தால் விட்டுவிட முடியாதா? (மதுரை)

தயவுசெய்து விட்டுவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். வக்கீல் வங்கிக்காகப் பார்த்தாலும் அந்தக் கேள்வி உங்களையும்தான் காப்பாற்றுகிறது. என் மேசைக்கு வந்த ஒரு ஃபைலில், அப்பா இறந்தபின் மகன்கள் மட்டும் கையெழுத்துப் போட்டுச் சொத்தைப் பிரித்திருந்தார்கள். வாரிசுச் சான்று வந்தபோதுதான் ஒரு மகள் இருப்பது தெரிந்தது. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் முதல் வகுப்பு வாரிசு. வாங்க வந்தவர் எங்கள் மேல் கோபப்பட்டுப் போனார், ஆனால் அவருடைய 40 லட்சம் பிழைத்தது.

வக்கீலின் கேள்விகளை எழுத்தில் தரும்படி ஆபீசரிடம் கேளுங்கள். அந்தத் தாளை விற்பவரிடம் கொடுங்கள். நீங்கள் வாயால் சொன்னால் சண்டையாகும், வங்கி கேட்கிறது என்று தாளைக் காட்டினால் வேலை நடக்கும்.

கிரய ஒப்பந்தக் கெடு 45 நாள். இன்னும் 9 நாள்தான். அட்வான்ஸ் 5 லட்சம் போய்விடுமோ என்று தூக்கமே இல்லை. (கோவை)

இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள், தம்பி. ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது என்று ஆபீசரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வாங்குங்கள், "லீகல் முடிந்தது, வேல்யுவேஷன் நடக்கிறது" என்று ஒரு வரி போதும். அதைக் காட்டி விற்பவரிடம் கெடுவை நீட்டி, இருவரும் கையெழுத்துப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். இனி ஒப்பந்தம் போடுகிறவர்கள் 90 நாளாவது கேளுங்கள். கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேருங்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசி எடுத்தால் சீக்கிரம் சாங்ஷன் (கடன் ஒப்புதல்) என்கிறார் ஆபீசர். (திருச்சி)

கடனுக்குக் காப்பீடு நல்லதுதான், அவர் காட்டும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "கட்டாயம் என்றால் மின்னஞ்சலில் சொல்லுங்கள் சார்" என்று மரியாதையாகக் கேளுங்கள். அப்புறம், 2024 அக்டோபர் 1 முதல் முக்கிய விவர அறிக்கை (கே.எஃப்.எஸ்.) ஒன்றை வங்கி உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. காப்பீட்டுப் பிரீமியம், கட்டணங்கள் எல்லாம் வட்டியோடு சேர்ந்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். படித்துப் பார்க்க மூன்று வேலை நாளாவது உங்களுக்கு உண்டு.

"உங்களுக்கு வராது" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். (திருநெல்வேலி)

மறுத்த காரணத்தை எழுத்தில் தர வேண்டியது வங்கியின் கடமை. கேட்டு வாங்குங்கள், அடுத்த வங்கிக்குப் போகும்போது எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதில்தான் தெரியும். கடன் கொடு என்று யாரும் வங்கியைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எழுதிக் கேட்டும் 30 நாளில் பதிலே இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வீட்டு வசதி நிதி நிறுவனம் என்றால் தேசிய வீட்டு வசதி வங்கியிடம் புகார் செய்ய வேண்டும்.

சாங்ஷன் லெட்டர் வந்துவிட்டது மேடம்! இனி ஆபீசரிடம் பேச எதுவும் இல்லையே? (வேலூர்)

வாழ்த்துகள்! இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பதிவுத் தேதியை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். செக் யார் பெயரில், விற்பவர்கள் இரண்டு பேர் என்றால் யாருக்கு எவ்வளவு, பெயரின் எழுத்துகள் பத்திரத்தில் உள்ளபடிதானா என்று உறுதிசெய்யுங்கள். ஒரு எழுத்துப் பிழைக்காகப் பதிவு தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அசல் பத்திரங்களைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்ட ஆவணங்களின் பட்டியலைக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வாங்குங்கள். கடன் முடிந்த 30 நாளுக்குள் அவற்றைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. 20 வருடம் கழித்து அதைக் கேட்கப் போகும்போது உங்கள் கையில் இருக்க வேண்டியது அந்தப் பட்டியல்தான்.