துருக்கியில் அதிகம் பேருக்குத் தெரியாத கிராமம் எது? அதன் பெயருக்கு என்ன பொருள்?

எபேசஸ் இடிபாடுகளைப் பார்க்கக் கிளம்புகிறவர்தானே நீங்கள்? அப்படியானால் பக்கத்து ஊர் செல்சுக்கில் டொல்முஷ் (நம்மூர் ஷேர் வேன் மாதிரி) பிடித்து எட்டு கிலோமீட்டர் மலையேறுங்கள். ஷிரின்ஜே வரும். "அது டூரிஸ்ட் ஊராச்சே" என்று துருக்கி போய்வந்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நம்மவர்கள் வண்டி எபேசஸோடு திரும்பிவிடுகிறது என்பதால்தான் சொல்கிறேன்.

வேலை நிமித்தம் துருக்கியின் இஸ்மிர் நகரில் இருந்தபோது அலுவலக நண்பர் ஒருவர் என்னை அங்கே கூட்டிப்போனார். பழ ஒயினுக்குப் பேர்போன ஊர். மல்பெரி ஒயினை ஊற்றிக்கொண்டே கடைக்காரர் பெயர்க் கதையை ஆரம்பித்தார். அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கிரேக்கர்கள் சிலர் இங்கே வந்து குடியேறினார்களாம். ஊர் எப்படி என்று விசாரித்தவர்களிடம், இவர்களும் வந்து ஒட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று பயந்து, "சிர்க்கின்ஜே" என்றார்களாம். சுமார்தான், அசிங்கமாத்தான் இருக்கு என்று அர்த்தம். 1926-இல் இஸ்மிர் ஆளுநர் காஸிம் திரிக் அதை ஷிரின்ஜே ஆக்கினார், அதாவது 'அழகானது'.

நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பெயர் கிர்க்கின்ஜா, 'கிர்க்' என்றால் நாற்பது, அசிங்கக் கதையெல்லாம் ஒயின் விற்கக் கட்டியது என்றார். நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று உறுத்தியது. 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களைப் பரிமாறிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. ஊரின் கிரேக்கர்கள் போய்விட்டார்கள். கிரேக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட முஸ்லிம்கள் அந்த வீடுகளில் குடியேறினார்கள். ஊருக்கு அழகான பெயர் வந்தபோது, அசிங்கம் என்று சொல்லிக் காப்பாற்றியதாகச் சொல்லப்படுபவர்களின் வாரிசுகள் அங்கே இல்லை. கடைக்காரர் இந்தப் பகுதிக்கு வரவேயில்லை, அடுத்த பாட்டிலைத் திறந்துவிட்டார்.

2012 டிசம்பரில் உலகம் அழியும், இந்த ஊர் மட்டும் தப்பும் என்று கிளப்பிவிட்ட கூத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

போனால் அருகிலுள்ள கணித கிராமத்தையும் பாருங்கள். 2007-இல் துருக்கியக் கணிதப் பேராசிரியர் அலி நெசின் தொடங்கியது. பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். 2018-இல் அவருக்கு லீலாவதி விருது கிடைத்தது. நம் பாஸ்கராச்சாரியாரின் கணித நூலின் பெயரில், கணிதத்தை மக்களிடம் கொண்டுபோகிறவர்களுக்குத் தரும் விருது அது! இங்கே என் மகனின் பள்ளியிலோ, கைடில் இருக்கும் வழியில் போடாவிட்டால் விடை சரியாக இருந்தாலும் மார்க்கைக் குறைக்கிறார்கள். போய்க் கேட்டால், "மற்ற பெற்றோர் யாரும் கேட்கவில்லையே சார்" என்கிறார்கள்.