கால் முன்னால் போகிறதா? இடுப்பைக் கவனியுங்கள்

பள்ளி நாட்களில் குதிரையேற்றம் பழகி, வேலை, குடும்பம் என்று விலகி, பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் சேணத்தில் ஏறியவர்களின் கேள்விகளே இம்முறை அதிகம். அன்று தானாக வந்தது இன்று ஏன் வர மறுக்கிறது என்ற ஏக்கம் எல்லாவற்றிலும் தெரிகிறது.

எனக்கு 43 வயது. "நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காராதீர்கள், காலைப் பின்னால் கொண்டு வாருங்கள்" என்று பயிற்சியாளர் ஒவ்வொரு சுற்றிலும் சொல்கிறார். இழுத்து வைத்தால் பத்தடி போவதற்குள் கால் முன்னால் வந்துவிடுகிறது.

காலை இழுத்து வைக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். கால் தொங்குவது இடுப்பிலிருந்து. கோளாறும் அங்கேதான் இருக்கிறது. நாள் முழுவதும் மேசை முன் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கு அடிவயிற்றிலிருந்து தொடைக்கு இறங்கும் தசைகள் இறுகியிருக்கும். குதிரை மேல் ஏறினாலும் தொடை தாழ்வதில்லை. முழங்கால் மேலே நிற்கும், பாதம் முன்னால் நழுவும், அதை ஈடுகட்ட உடல் பின்னால் சாயும்.

சேணத்திலிருந்து தொங்கும், பாதத்தை வைத்துக்கொள்ளும் வளையமான அங்கவடியே இல்லாத காலத்தில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய கிரேக்கர் செனபோன், நாற்காலியில் அமர்வதுபோல் இராமல், கால்களை அகட்டி நிமிர்ந்து நிற்பதுபோல் குதிரை மேல் இருக்க வேண்டும் என்றார். இன்றும் நான் சொல்லித்தருவது அதைத்தான்.

லாயத்துக்குக் கிளம்பும் முன் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறுகாலை முன்னே மடித்து வைத்து, இடுப்பை மெல்ல முன்னுக்குத் தள்ளுங்கள். பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். ஏறியபின், ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்க, அங்கவடியிலிருந்து பாதங்களை எடுத்துவிடுங்கள். தொடைக்குப் பின்புறமாகக் கையை விட்டு, உள்தொடைச் சதையைப் பின்னோக்கி இழுத்துவிடுங்கள். தொடை சேணத்தில் தட்டையாகப் படிந்து, முழங்கால் தானே ஓர் அங்குலம் தாழ்வதை உணர்வீர்கள். அந்த நிலையிலேயே பாதத்தை அங்கவடிக்குள் விடுங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் வர வேண்டும். குதிரை திடீரென்று மறைந்துவிட்டால் தரையில் காலூன்றி நிற்பீர்களா, பின்னால் சாய்ந்து விழுவீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

இத்தனை செய்தும் கால் முன்னால் போனால் சேணத்தைச் சோதியுங்கள். இருக்கையின் பள்ளம் மிகவும் பின்னாலோ, அங்கவடி வார் தொங்கும் இடம் மிகவும் முன்னாலோ இருந்தால் எத்தனை தேர்ந்தவரும் நேராக அமர முடியாது. சேணத்தின் குற்றத்தைத் தன் வயதின் மேல் போட்டுக்கொண்டு வருந்துபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

குதிகாலை எப்போதும் கீழே அழுத்தச் சொல்கிறார்கள். கணுக்கால் வலி உயிர் போகிறது.

அழுத்தாதீர்கள். அழுத்தினால் கணுக்கால் பூட்டிக்கொள்ளும், பாதமும் முன்னே போகும். உடல் எடை தடையின்றி இறங்கினால் குதிகால் தானே தாழும். பாதம் சமமாக இருந்தாலும் தொடக்கத்தில் போதும். அங்கவடி வாரின் நீளத்தையும் பாருங்கள். காலைத் தளர்வாகத் தொங்கவிட்டால் அங்கவடியின் அடிக்கம்பி கணுக்கால் எலும்பைத் தொட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை விழுந்தேன். இப்போது டிராட் என்னும் துள்ளோட்டம் தொடங்கியதுமே முன்னால் குனிந்து கடிவாளத்தைப் பற்றிக்கொள்கிறேன். குனியக்கூடாது என்று தெரிந்தும் முடியவில்லை.

பயந்த உடல் தன்னைச் சுருட்டிக்கொள்ளும். அது உங்கள் பலவீனம் இல்லை, உயிரைக் காக்கும் இயல்பு. ஆனால் குதிரை மேல் அதுவே எதிராகிவிடுகிறது. குனிந்தால் உங்கள் எடை குதிரையின் தோளுக்கு மேல் போகிறது, முழங்கால் இறுகுகிறது, குதிரை சற்றுத் தடுமாறினாலும் நீங்கள் முன்னே சரிகிறீர்கள். இறுகப் பற்றிய கடிவாளத்தின் வலியோ அதன் வாய்க்குத்தான். பாவம், அது என்ன தவறு செய்தது?

குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு வாரைக் கட்டித் தரச் சொல்லுங்கள். பயம் வந்தால் அதைப் பிடியுங்கள். பயிற்சியாளர் நீண்ட கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்ட, நீங்கள் உட்காருவதை மட்டும் கவனிக்கும் லஞ்ச் பாடம் வாரம் ஒன்றாவது கேளுங்கள். இதைக் குழந்தைகளுக்கான பாடம் என்று நினைக்க வேண்டாம். வியன்னாவின் புகழ்பெற்ற ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில் சேரும் இளம் மாணவர்களும் கடிவாளம், அங்கவடி இல்லாமல் லஞ்ச் கயிற்றில்தான் தொடங்குகிறார்கள்.

மூச்சு இன்னொன்று. இதே பயத்தோடு வந்த என் மாணவி ஒருவரை டிராட் முழுவதும் உரக்கப் பாடச் சொன்னேன். பாடுபவரால் மூச்சை அடக்க முடியாது. முதல் சுற்றில் குரல் நடுங்கியது. மூன்றாம் சுற்றில் தோள்கள் இறங்கின, குதிரை கழுத்தை நீட்டிப் பெருமூச்சு விட்டது.

என் இடது அங்கவடி மட்டும் நீளமாகத் தெரிகிறது. இடுப்பு கோணலா?

இடுப்பைச் சந்தேகிக்கும் முன் இரண்டு வார்களையும் கழற்றி அருகருகே வைத்துப் பாருங்கள். எப்போதும் இடப்பக்கமாகவே ஏறுவதால் அந்தத் தோல் வார் நீண்டுவிடும். அவ்வப்போது இடம் மாற்றிப் போடுங்கள். ஏறுவதற்கு மேடையைப் பயன்படுத்துங்கள். குதிரையின் முதுகுக்கும் அதுவே நல்லது. வார்கள் சமமாக இருந்தும் சேணம் ஒரு பக்கமாகவே நகர்ந்தால், பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பக்கம் விலா மடிகிறது என்று அதில் தெரியும்.

விடுமுறையில் ஊட்டி ஏரிக்கரையில் குதிரைச் சவாரி செய்வது பயிற்சியாகுமா?

ஆசைக்குப் போய்வாருங்கள். ஆனால் குதிரையை வேறொருவர் பிடித்து நடத்தும்போது உங்கள் அமர்வைத் திருத்த ஆள் இல்லை.

கல்லூரி நாட்களில் வாங்கிய ஹெல்மெட் புதிதுபோல் இருக்கிறது. பயன்படுத்தலாமா?

வேண்டாம். வெளியே பளபளத்தாலும் உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் பொருள் காலத்தால் வலுவிழக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். தலை தரையில் மோதிய ஹெல்மெட்டை அன்றே மாற்றிவிட வேண்டும். ஓட்டப் பயிற்சிக் காலணியுடனும் ஏறாதீர்கள். குதிகால் உயரம் சிறிதாவது இருக்கும் காலணி அணிந்தால்தான் பாதம் அங்கவடிக்குள் நுழைந்து சிக்காது.