தங்க நகரங்களைத் தேடி - கடிதம்

அன்புள்ள சார்,

வேலை நிமித்தமாக பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறேன். சென்ற வாரம் மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் பழைய கார்ட்டூன் பாட்டு ஒன்றை முணுமுணுக்க, கூட இருந்த நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பாடிவிட்டார்கள். ‘மர்மத் தங்க நகரங்கள்’ என்ற தொடராம். வீட்டுக்கு வந்து மூன்று பகுதிகள் பார்த்தேன். படம் ஜப்பானியச் சாயலில் இருக்கிறது, கதை மெதுவாக நகர்கிறது. இது வெறும் பால்ய ஏக்கம்தானா? என் 8 வயது மகனுக்குக் காட்டலாமா?

எம்.

அன்புள்ள எம்.,

என் பால்யத்தில் அந்தத் தொடர் கிடையாது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் பார்த்தேன். 39 பகுதிகளையும் பத்தே நாளில் பார்த்து முடித்தேன். அதனால் ஏக்கம் மட்டும்தான் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜப்பானியச் சாயல் என்று நீங்கள் சொன்னது சரி. ழான் ஷலோப்பேனின் பிரெஞ்சு நிறுவனமான டிக்கும் ஜப்பானின் ஸ்டூடியோ பியரோவும் சேர்ந்து எடுத்தது அது. 1982 மே மாதம் முதலில் ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியில் வந்தது, மறு ஆண்டு செப்டம்பரில்தான் பிரான்சுக்கு வந்தது. உங்கள் அலுவலக நண்பர்கள் பாடினார்களே, அந்தப் பாட்டு ஜப்பானியப் பதிப்பில் இல்லை. அங்கே இசையே வேறு. அந்த ஆண்டுகளில் ஐரோப்பாவும் ஜப்பானும் இப்படிக் கூட்டாக நிறைய எடுத்தன. மூன்று மஸ்கட்டியர் கதையை நாய்களை வைத்துச் சொன்ன ஸ்பானிஷ்-ஜப்பானியத் தொடர் ஒன்று உண்டு. நாவலின் நாயகன் தார்த்தஞான், இதில் தார்த்தகான். ஸ்பானிஷில் ‘கான்’ என்றால் நாய். ஜப்பானில் அதே தொடரின் தலைப்பிலேயே ‘வான்வான்’ என்று நாய் குரைக்கும். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது.

மெதுவாக நகர்கிறது என்கிறீர்கள். மூன்று பகுதிகளில் அப்படித்தான் தோன்றும். அதே காலத்து அமெரிக்கத் தொடர்களில், நம் ஊரிலும் பலர் பார்த்த ஹீ-மேனைப் போல, ஒவ்வொரு பகுதியும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிடும். இங்கே 39 பகுதிகளும் தங்க நகரங்களைத் தேடும் ஒரே பயணம். 1532இல் பார்சலோனாவில் கிளம்புகிறது. ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ, தென் அமெரிக்காவின் இன்கா அரசன் அதாவல்பாவைச் சிறைபிடித்த அதே ஆண்டு. சியா என்ற இன்காச் சிறுமியைக் கடத்திக் கொண்டுவந்து ஸ்பெயின் ராணிக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குழந்தையைப் பரிசுப் பொருளாகக் கொடுத்தார்கள் என்பதைக் குழந்தைகளிடமே மறைக்காமல் சொல்லும் தொடர் அது. பிறகு அவளை இன்னொரு கூட்டம் கடத்துகிறது. தங்கக் கிப்புவை வாசிக்கத் தெரிந்தவள் என்பதால். கிப்பு என்பது இன்காக்கள் கணக்கு வைத்த முடிச்சுக் கயிறு, கற்பனை இல்லை.

அப்புறம் மெந்தோசா என்ற மாலுமி. கதையின் நாயகனான சிறுவன் எஸ்தெபானைக் கைக்குழந்தையாகக் கடலிலிருந்து காப்பாற்றியவன் அவன்தான், தங்கத்துக்காக அவனைப் பயன்படுத்திக்கொள்பவனும் அவன்தான். நல்லவனா கெட்டவனா என்று பகுதிக்குப் பகுதி யோசிக்க வைக்கிறார்கள். பார்க்கிற குழந்தைக்கு இதைத் தாங்கும் அறிவு உண்டு என்று நம்பி எழுதியிருக்கிறார்கள். உங்கள் நண்பர்கள் இத்தனை வருடம் கழித்தும் சேர்ந்து பாடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு குறை மட்டும் என்னை உறுத்துகிறது. சூரிய ஒளியில் பறக்கும், காண்டோர் கழுகு வடிவத் தங்க விமானம் போன்ற அதிசயங்களை எல்லாம் மூ என்ற மறைந்த கண்டத்தின் மக்கள் செய்ததாகச் சொல்கிறார்கள். மலைச்சரிவில் படிக்கட்டு போல வயல் வெட்டியவர்கள், சாந்தில்லாமல் கல்லோடு கல் பொருத்திச் சுவர் எழுப்பியவர்கள் அந்த மண்ணில் ரத்தமும் சதையுமாக வாழ்ந்த இன்காக்கள். அவர்களுடைய திறமைக்கு மேல் ஒரு கற்பனை இனத்தை வைத்தது எனக்கு வருத்தம். பிரெஞ்சுப் பதிப்பில் ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் வரும் சின்ன ஆவணப்படம் இதைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. உண்மையான ஊர்களும் மனிதர்களும் அதில்தான் வருகிறார்கள்.

உங்கள் மகனுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள், நான்காவது பகுதியிலிருந்து. 2012இல் வந்த தொடர்ச்சியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஆவணப்படங்களை மட்டும் ஓட்டிவிடாதீர்கள். கிப்புவைப் பற்றி அவன் கேட்டால், ஒரு கயிற்றை எடுத்து அவன் வயதுக்கு எட்டு முடிச்சுப் போட்டுக் காட்டுங்கள்.